விமானத்துக்கு ஏது நியூட்ரல்

என் அண்ணன் மதன்குமார் இரண்டாம் உலகப் போரில் நாற்பது விமானங்களுக்கு மேல் ஓட்டியிருக்கிறான். எங்கள் வீட்டு ஜீப்பை ஒருமுறைகூட ஓட்டியதில்லை.

போர் நடப்பது எங்கள் வீட்டு உள்ளறையில், கம்ப்யூட்டரில். அண்ணன் பி.இ. முடித்தவன். அந்தக் காலத்துப் போர் விமானங்களை ஒவ்வொன்றாக விளையாட்டில் எடுத்து ஓட்டிப் பார்த்து, எதற்கு எது பலம், எது பலவீனம் என்று யூட்யூப் சேனலில் சொல்வது அவன் தொழில். தொழில் என்பது அவன் வைத்த பெயர். அப்பா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். அதை எழுத முடியாது.

சேனலில் அவன் பேசுவதை எழுதிக்கொடுப்பது நான். அண்ணனுக்கு விமானம் தெரியும், ஆங்கிலமும் தெரியும். தமிழில் நாலு வாக்கியம் சேர்த்துப் பேசச் சொன்னால் அதில் மூன்று 'பேசிக்கலி' வந்துவிடும். ஆரம்பத்தில் அவனே பேசிப் போட்ட வீடியோக்களைப் பார்த்தவர்கள், மைக்கை விமானத்திடம் கொடுக்கும்படி கீழே எழுதியிருந்தார்கள். அதன்பிறகுதான் என்னைக் கூப்பிட்டான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். சாயங்காலம் அவன் பின்னால் உட்கார்ந்து, அவன் விழுவதையும் எழுவதையும் பார்த்து, அம்மாவின் போனில் தட்டி அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுவேன். அதை மைக் முன்னால்தான் முதல்முறை படிப்பான். முன்கூட்டிப் படித்தால் இயல்பு போய்விடுமாம். வீட்டில் இது வேறு யாருக்கும் தெரியாது. மகன் தானாகப் பேசுகிறான் என்று அம்மா ராமுத்தாய் வேலைக்குப் போகும் ஏலக்காய்த் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

இதற்குப் பதிலாக நான் கேட்டது ஒன்றே ஒன்று. டிரைவிங் பழகுவதற்கான எல்.எல்.ஆருக்கு அந்தக் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாம். அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம் கிடைக்கவில்லை. ஒருநாள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். இன்னொரு நாள் ஜெர்மன்காரன். ஒருநாள் யாரும் வரவில்லை, அண்ணனுக்குத் தலைவலி வந்தது.

எல்.எல்.ஆர். எதற்கு என்றால், ஜீப்புக்கு. அப்பா சின்னச்சாமி புதுப்பட்டியில் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் தாண்டி, கம்பமெட்டு மலை ஏறி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு மலை இறங்குவார். அம்மாவும் நானும் அதே ஜீப்பில்தான் பழம் எடுக்கப் போவோம். அப்பாவுக்கு இடுப்பில் டிஸ்க் நழுவிவிட்டது. தேனியில் டாக்டர் மலை ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா டாக்டரிடம் பேரம் பேசி, பொங்கல்வரை என்று வாங்கிக்கொண்டு வந்தார். தை பிறந்தால் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஜீப்பும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற நடையும் மேலத்தெரு சண்முகராஜுக்குப் போய்விடும். வீட்டில் பேச்சு இந்த இரண்டுக்குள்தான் ஓடியது. மூன்றாவதாக ஒரு ஆள் தினமும் அதே ஜீப்பில் வருவது யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. எல்.எல்.ஆர். வந்துவிட்டால் அந்தத் தாளை நீட்டிவிட்டு நான் பேசாமல் நிற்கலாம் என்று நினைத்தேன்.

ஜீப்பில் எனக்கு ஒரு இடம் உண்டு. டிரைவருக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில், கியர் கம்பி முளைத்திருக்கும் இடம். சதை உள்ள யாரும் அங்கே உட்கார முடியாது. ஒல்லியாக இருந்ததால் முதல் நாளிலேயே என்னை அங்கே செருகிவிட்டார்கள். அப்பா கியர் மாற்றும்போதெல்லாம் அந்தக் குமிழ் என் முழங்காலில் இடிக்கும். எந்த வளைவில் எந்த கியர் என்பது எனக்கு மனப்பாடமானது அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடும் கிட்டத்தட்ட இந்த முறையில்தான் ஏறியது.

அண்ணன் ஜீப்பைத் தொடாததற்கு, படித்த படிப்புக்கு அது பொருந்தாது என்று காரணம் சொல்லுவான். உண்மைக் காரணம், மலைப் பாதையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வந்தால் அவனுக்கு வாந்தி வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. தலைகீழாகப் பறந்தபடி எதிரியைச் சுடுகிற ஆளுக்கு, ஜீப்பில் ஏறினால் மடியில் கேரிபேக் வேண்டும்.

விஜயதசமியன்று உத்தமபாளையத்தில் கார்த்திக்ராஜ் என்பவர் ஒரு கேமிங் சென்டர் திறந்தார். அண்ணனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார். மேடையில் ஒரு விமானத்தைப் பற்றி நேரடியாகப் பேசி, பிறகு அதையே ஓட்டிக் காட்ட வேண்டும். அண்ணன் அப்பாவிடம் வந்து, எனக்கு எவ்வளவு மரியாதை என்று நீங்களே வந்து பாருங்கள், அதன்பிறகு ஜீப் ஓட்டு என்று சொல்லுங்கள் என்றான். அப்பா யோசித்தார். நாலு பேர் உன்னை மதித்தால் ஜீப்பை சண்முகராஜுக்குக் கொடுத்துவிடுகிறேன், மதிக்காவிட்டால் தை ஒன்றாம் தேதி ஸ்டியரிங்கில் உட்கார் என்றார். அண்ணன் சம்மதித்தான். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜெயித்தால் ஜீப் போய்விடும், தோற்றால் ஜீப் அவனுக்கு. இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தேன், என் பெயர் எங்கேயும் வரவில்லை.

விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் அவனிடம் எல்.எல்.ஆர். பற்றி மறுபடி கேட்டேன்.

"பாப்பா, நாளைக்கு எனக்கு வாழ்வா சாவா. இப்பப் போயி லைசென்சு கீசென்சுன்னுக்கிட்டு. தண்டர்போல்ட்டுக்கு எழுது, போ."

தண்டர்போல்ட் ஒரு பழைய அமெரிக்கப் போர் விமானம். வயிறு பெருத்து, குண்டாக இருக்கும். திரையில் அது ஓடுதளத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, அம்மா கொண்டுவந்து வைத்த மூன்றாவது தட்டு பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தான். நான் விமானத்தைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன். உட்கார்ந்து எழுதினேன். எந்த நாளும் இவ்வளவு சுளுவாக வந்ததில்லை.

கேமிங் சென்டரில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். ஜாய்ஸ்டிக் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எலுமிச்சம்பழம், முதல்நாள் ஆயுத பூசைக்கு வண்டிச் சக்கரத்தில் வைத்த மாதிரி. அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால். கூட்டம் நன்றாகவே இருந்தது. அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, போனைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தான்.

"நண்பர்களே, இன்னைக்கு நாம பாக்கப்போறது தண்டர்போல்ட். பாத்த ஒடனே தெரியும், தின்னு வளந்த ஒடம்பு. இதோட மொத பலவீனம், தரைய விட்டு எந்திரிக்க மனசு வராது. ஓடுதளம் முழுக்க ஓடி, கடைசி மரத்தப் பாத்து, இதுக்கு மேல வழியே இல்லன்னாத்தேன் எந்திரிக்கும். எந்திரிச்சாலும் மேல போகாது. ஏத்தத்துல முக்கும். அதைவிட வயசுல சின்ன விமானமெல்லாம் சர்ருன்னு மேல போயிக்கிட்டிருக்கும், இது கீழ நின்னு காத்து சரியில்லன்னு சொல்லும்."

கூட்டம் சிரித்தது. அண்ணன் நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

"ரெண்டாவது, தீனி. எம்புட்டு ஊத்தினாலும் குடிக்கும். மூணாவது, திரும்பாது. ஒரு வேல இருக்கு, இங்கன வான்னு கூப்பிட்டா, காதுல விழாத மாதிரி நேராப் போகும். சரி, பலம்? தோல் தடிமன். எத்தன பேரு சுட்டாலும் ஒறைக்காது. அம்புட்டையும் வாங்கிக்கிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குக் கரெக்டா வந்து எறங்கிரும்."

கைதட்டினார்கள். அப்பாகூடத் தலையாட்டினார், மகனுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று. அம்மாவின் தோள் மட்டும் குலுங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

அண்ணன் கடைசிப் பத்திக்கு வந்தான். "ஆனா நண்பர்களே, எறக்கத்துல இத அடிச்சுக்க ஆளில்ல. மூக்கக் கீழ குத்தி, நியூட்ரல்ல விட்டாப் போதும். தானாப் போயிரும், எண்ணெயும் மிச்சம்."

இதுவரைக்கும் எல்லாம் நான் வேண்டுமென்றே எழுதியது. அதை அம்மாவைத் தவிர ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இந்த நியூட்ரல் நான் யோசிக்காமல் எழுதியது. இறக்கம் என்றால் நியூட்ரல் என்று கை தானாகத் தட்டிவிட்டது. அதை ஒருத்தி பிடித்தாள்.

ராயப்பன்பட்டியிலிருந்து வந்த திரிஷா என்ற கல்லூரிப் பெண். கிண்டலாகக் கேட்கவில்லை. கற்றுக்கொள்கிற ஆசையில், கையைத் தூக்கிவிட்டுத்தான் கேட்டாள்.

"அண்ணா, நியூட்ரலுக்கு எந்த பட்டன்?"

தெரியாது என்ற சொல் அண்ணன் படித்த கல்லூரியில் சொல்லித்தரப்படவில்லை. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இருக்கிறது, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது என்றான். கார்த்திக்ராஜ் பொறுப்பான மனிதர். வாடிக்கையாளர் கேட்டுவிட்டாரே என்று பெரிய திரையில் செட்டிங்ஸைத் திறந்தார். ஏறுவதற்கு, சுடுவதற்கு, குதிப்பதற்கு, சக்கரத்தை மடக்குவதற்கு என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே கீழே போனார். முடிவுவரை போனார். பின்னாலிருந்து ஒருவன், விமானத்துக்கு ஏது நியூட்ரல், ரிவர்ஸ் வேணும்னா இருக்கும் என்றான். அண்ணன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டன் எல்லாம் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, கைப்பழக்கம் உள்ளவர்கள் இன்ஜினைக் குறைத்தாலே நியூட்ரல், ஓட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தான்.

எதிரியாக உட்கார்ந்தது திரிஷாதான். அண்ணன் தண்டர்போல்ட்டை முக்கி முக்கி மேலே கொண்டுபோனான். அதுவரை எழுதிக்கொடுத்தபடியே நடந்தது. உச்சிக்குப் போனதும் மூக்கைக் கீழே குத்தினான். இன்ஜினை முழுக்க அணைத்தான். அந்தக் கனம் சும்மா இருக்குமா, கல்லாக இறங்கியது. கூட்டம் வாயைப் பிளந்தது. கீழே பச்சையாக ஒரு மலை வந்தது, கம்பமெட்டு மாதிரியே. இப்போது தூக்க வேண்டும். தூக்குவதற்கு இன்ஜின் வேண்டும். அது எண்ணெயை மிச்சப்படுத்திக்கொண்டிருந்தது.

திரிஷா அப்போதுதான் ஓடுதளத்தை விட்டுக் கிளம்பியிருந்தாள். ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெயித்ததாகத் திரையில் அவள் பெயர் வந்தது. அவளுக்கே சங்கடமாகிவிட்டது. கார்த்திக்ராஜ் அண்ணனுக்குத் துண்டு போர்த்தினார். அந்த நேரத்தில் போர்த்தியதால் அது வேறு மாதிரி இருந்தது.

திரும்பும்போது அப்பா ஜீப்பை ஓட்டினார். அம்மா ஓரத்தில், நான் கியர் பக்கத்தில், அண்ணன் பின்னால் தனியாக. சமதரைப் பாதை என்பதால் அவனுக்கு கேரிபேக் தேவைப்படவில்லை. கோகிலாபுரம் தாண்டினோம். எல்லாம் முடிந்தது, தைக்கு இவன்தான் டிரைவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "ஏலே மதனு. நியூட்ரல்ல விடுறது ஒனக்கு யாரு சொன்னா?"

"நெட்ல இருந்துச்சுப்பா."

"நெட்டுல விமானத்துக்கு நியூட்ரல் போட்டிருக்கானா? அது மலை எறக்குற டிரைவருக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்டா. நீ மூணாவது வளைவுக்கு அங்கிட்டுக் கண்ண முழிச்சு வந்ததே இல்ல. மூஞ்சி பூராம் கவருக்குள்ள இருக்கும். ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பா அடுத்த கியர் போடக் கையை இறக்கினார். குமிழ் என் முழங்காலில் இடித்தது. கை அங்கேயே நின்றது. அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆத்தா, நீயா எழுதிக் குடுத்த?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

"இருங்க. எழுதுனது கெடக்கட்டும். எறக்கத்துல நியூட்ரல்லயா விட்டீக?"

அப்பா சாலையைக் கவனமாகப் பார்த்து ஓட்டினார். அந்த நேரத்தில் சாலையில் ஒரு நாய்கூட இல்லை.

"இம்புட்டு வருசமும்? பதினாலு பொம்பளைகள உள்ள வச்சுக்கிட்டா?"

"எல்லா டிரைவரும் விடுறதுதே. டீசல் விக்கிற வெலையில..."

"பிரேக்கு காஞ்சு பிடிக்காமப் போச்சுன்னா?"

"நாந்தே ஓட்டுறேன்ல."

அம்மா அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால், பேச வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்த்து வைத்துப் பேசுவாள் என்று அர்த்தம். மறுநாள் ஏலத்தோட்டத்தில் காலைக் கஞ்சிக்கு உட்காரும்முன் எல்லாப் பெண்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் தோட்டத்து வாசலில் ஜீப் நின்றது. ஒருவரும் ஏறவில்லை. சங்கிலியம்மாள் முன்னால் வந்தாள். கூலி உயர்வானாலும் கோயில் வரியானாலும் எங்கள் ஜீப்புக்கு அவள்தான் வாய்.

"ஏண்ணே, கீழ எறங்கயில என்ன கியரு?"

அப்பா சிரித்து மழுப்பப் பார்த்தார். அடுத்தவள் அதையே கேட்டாள். அதற்கு அடுத்தவளும். அங்கே உள்ள மலையாளக் கங்காணி வந்து என்ன தகராறு என்று கேட்டார். சங்கிலியம்மாள் விளக்கினாள். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போதும் என்பதை மலையாளத்தில் மதி மதி என்று சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் எல்லோரும் ஏறினார்கள், நடந்து இறங்க முடியாது என்பதால். மலை முழுக்க அத்தனை கண்ணும் கியர் கம்பியின்மேல் இருந்தது. அப்பா வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி வளைவுவரை இரண்டாவது கியரில் இறங்கினார். ஜீப் கத்தியது. ஊர் வந்ததும் சங்கிலியம்மாள், நாளையிலிருந்து சண்முகராஜ் வண்டியில் வருகிறோம் என்றாள்.

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அவனா? நானாச்சும் நியூட்ரல்லதே விடுவேன். அவென் சாவியவே அணைச்சுப்புடுவான்."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது, பள்ளத்தாக்கில் உள்ள எல்லா டிரைவரையும் சேர்த்து மலையிலிருந்து உருட்டிவிட்டோம் என்று. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியென்றால் யார் வண்டியில்தான் போவது என்று ஒருத்தி கேட்டாள்.

அம்மா சேலையை உதறிக்கொண்டு இறங்கினாள். "கியர் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா. தெனமும் முட்டியில அடி வாங்கிப் படிச்சவ. நியூட்ரலு என்ன செய்யும்னு மகென் மலையில போயி மோதுனதக் கண்ணால பாத்தவ. அவ விடமாட்டா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. வேல்விழியா என்று யாரோ கேட்டார்கள், அப்படி ஒருத்தி இருப்பது இப்போதுதான் தெரிந்த மாதிரி. பொட்டப் பிள்ளை மலையில் வண்டி ஓட்டினால் நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று அப்பா ஆரம்பித்தார்.

"உசுரோட எறங்குனாத்தேன கலியாணம்," என்றாள் சங்கிலியம்மாள். "ஏ வேலு, ஓட்டுவியா மாட்டியா? வாயத் தெறந்து சொல்லு."

"ஓட்டுவேன்," என்றேன்.

சத்தம் வெளியே வந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்திருக்கிறது போல. அப்பா சாவியை எடுத்து என்னிடம் தரவில்லை, அவ்வளவு சீக்கிரம் யாரும் மாறிவிடுவதில்லை. வீட்டுக்குப் போனதும் உள்ளறைக்குப் போய், எல்.எல்.ஆருக்கு என்னமோ செய்யணுமாமே, செய்யிடா என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் நாளைக்கு என்றான். அப்படியென்றால் தைக்கு நீ என்றார் அப்பா. அண்ணனுக்கு மூன்றாவது வளைவு கண்முன்னே வந்திருக்க வேண்டும். அன்று ஜப்பான்காரன் காத்திருந்தான். ஜெர்மன்காரனும் காத்திருந்தான்.

இதற்குள் கேமிங் சென்டரில் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அண்ணன் இதுவரை போட்ட எல்லா வீடியோவையும் சேர்த்தாலும் அத்தனை பேர் பார்த்ததில்லை. உத்தமபாளையம் பக்கம் போனால் அவனை நியூட்ரல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் அதையும் மரியாதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். நியூட்ரலுக்கு முன்னால் உள்ள பகுதியை அவன் நிதானமாகக் கேட்டது ஒரு மாதம் கழித்துத்தான். ஒரு சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, சாப்பாட்டு நேரத்துக்கு வந்து இறங்கிவிடும் என்று எந்த விமானத்தைச் சொன்னாய் என்று கேட்டான். தோல் தடிமன் என்று எழுதியது வீண்போகவில்லை. இப்போதெல்லாம் நான் அனுப்புவதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மைக் முன்னால் உட்காருகிறான். படிக்கிற பழக்கம் அவனுக்கு இப்படி வந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல் எழுதிய சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஜீப்பைக் கம்பமெட்டுக்கு ஏற்றினேன். அப்பா என் பழைய இடத்தில், கியர் கம்பிக்குப் பக்கத்தில் இடுப்புப் பட்டையோடு இறுகி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கியருக்கும் அவர் முழங்காலில் ஒரு இடி விழுந்தது. பார்த்துப் போடு என்றார். நான் பார்த்துத்தான் போட்டேன். பின்னால் அம்மாவும் சங்கிலியம்மாளும் பரிசோதகர்களாக வந்தார்கள். அவர்களோடு அண்ணனும், கேமராவோடு. பழைய ஜீப் ஒன்றின் பலமும் பலவீனமும் என்று அடுத்த வீடியோ போடப் போகிறானாம்.

ஏற்றம் சரியாகத்தான் போனது, அண்ணன் உச்சிவரை கண்ணை இறுக மூடிக்கொண்டே வந்துவிட்டான். ஒரு வளைவில் நின்றேன், மறுபடி எடுத்தேன். இறங்கும்போது இரண்டாவதில் போட்டுப் பிடித்தேன். ஜீப் கத்திக்கொண்டு, நிதானமாக இறங்கியது. இரண்டு வளைவு போனதும் அப்பாவின் கை தானாகக் கியர் குமிழை நோக்கி வந்தது.

"லேசா விட்டுக்கிட்டா எண்ணெ மிச்சம் ஆத்தா."

பின்னால் அம்மா இருமினாள். அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, இந்த வண்டியோட மொத பலம் என்னன்னா," என்று அண்ணன் கேமராவைப் பார்த்து ஆரம்பித்தான். அப்போது மூன்றாவது வளைவு வந்தது.